கைவேலை கேள்வி – பதில்: பங்குனித் தபால்

இந்த முறை வட சென்னை வாசகர்களின் கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறோம். மண் நகை, பட்டு நூல் வளையல், ரெசின், சாயம் என்று பொருள் வேறு வேறாக இருந்தாலும், பதில் எழுத உட்கார்ந்தால் பேச்சு சுற்றிச் சுற்றிக் காற்றிலுள்ள ஈரத்துக்கே வந்து நிற்கிறது. கடலை ஒட்டிய ஊர் அப்படித்தான். அதனால் முதலில் நேரக் கணக்கு ஒன்று. பங்குனியில் விடியற்காலையில் ஈரம் உச்சத்தில் இருக்கும். ஒன்பது மணிக்கு மேல் வெயில் ஏற ஏறக் குறையும். நண்பகலை ஒட்டிக் கடற்காற்று எழுந்ததும் மறுபடி கூடும். இடைப்பட்ட அந்த மூன்று மணி நேரத்தைக் கீழே 'காய்ந்த நேரம்' என்று சொல்கிறோம். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் சின்ன ஈரப்பதமானி ஒன்றைச் சுவரில் மாட்டி, ஒரு வாரம் மூன்று வேளையும் குறித்துவைத்தால் உங்கள் வீட்டின் காய்ந்த நேரம் தெரிந்துவிடும். தெருவுக்குத் தெரு அது மாறும்.

கேள்வி: சுடுமண் ஜிமிக்கி செய்து விற்கிறேன். மழைக்காலத்தில் கூட விரிசல் விடாத மண், பங்குனி பிறந்ததும் ஓரத்தில் விரிகிறது. சுட்டு எடுத்தால் சிலவற்றில் வெள்ளை வெள்ளையாகப் பூத்துக்கொள்கிறது. பெயின்ட் அடித்தால் மறைகிறது, ஆனால் ஒரு மாதத்தில் பெயின்டோடு உரிந்து வருகிறது. மண் மோசமா, என் கை மோசமா?
– வாசகி, புளியந்தோப்பு

இரண்டும் இல்லை. விரிசல் காற்றால் வருகிறது, வெள்ளைப் பூப்பு தண்ணீரால் வருகிறது. தனித்தனியாகப் பார்ப்போம்.

மழைக்காலத்தில் மண் மெதுவாகக் காய்கிறது, அதனால் ஓரமும் நடுவும் ஒன்றாகச் சுருங்குகின்றன. இப்போது ஜன்னலோரம் வைத்தால் மெல்லிய ஓரம் இரண்டு மணி நேரத்தில் காய்ந்து சுருங்கிவிடும். தடித்த நடுப்பகுதி இன்னும் ஈரமாகவே இருக்கும். சுருங்கிய ஓரத்தை சுருங்காத நடு இழுத்துப் பிடிக்கும்போது ஓரம் கிழிகிறது. எனவே முதல் இரண்டு நாள் மின்விசிறியும் வேண்டாம், வெயிலும் வேண்டாம். பலகையில் செய்தித்தாள் விரித்து, துண்டுகளை வைத்து, மேலே இன்னொரு தாளால் மூடுங்கள். ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டுங்கள். மூன்றாம் நாள் மூடியதை எடுத்துவிட்டு நிழலில் வையுங்கள். 3 முதல் 5 மில்லிமீட்டர் கனமுள்ள நகை நான்கைந்து நாளில் காய்ந்துவிடும். ஜிமிக்கியின் குடையையும் மேல் தோட்டையும் ஒரே கனத்தில் செய்தால் பாதித் தொல்லை அப்போதே போய்விடும். ஒட்ட வேண்டிய உருண்டைகளை மண் சம ஈரத்தில் இருக்கும்போதே, இரண்டு பக்கமும் ஊசியால் கீறி, மண் குழம்பு தடவி ஒட்டுங்கள். காய்ந்த தோட்டில் ஈர உருண்டையை ஒட்டினால் அது சுருங்கும்போது கழன்றுகொள்ளும்.

காய்ந்ததா என்று பார்க்கக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். சில்லென்று இருந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது. அதை அப்படியே சூட்டில் வைத்தால் நீர் ஆவியாகி, வெளியேற வழியில்லாமல் துண்டையே வெடிக்கவைக்கும். உள்ளே காற்றுக் குமிழ் இருந்ததால் வெடித்தது என்று பலர் சொல்வார்கள். பெரும்பாலும் குற்றவாளி ஈரம்தான். சுடுவதற்கு முன், தவாவில் ஓர் அங்குலம் மணல் பரப்பி, நகைகளை மேலே வைத்து, மிகச் சிறிய தீயில் ஒரு மணி நேரம் சூடாக்கிவிடுங்கள். கண்ணாடித் துண்டு ஒன்றை மேலே பிடித்துப் பாருங்கள், மூட்டம் படிவது நின்றால் போதும்.

இனி வெள்ளைப் பூப்பு. அது உப்பு. மண் காயும்போது உள்ளே கரைந்திருக்கும் உப்பு நீரோடு மேற்பரப்புக்கு வந்து தங்கிவிடுகிறது. நீர் காற்றில் போய்விடும், உப்பு போகாது. மீஞ்சூர்ப் பக்கம் நிலத்தடி நீரில் கடல்நீர் புகுந்த கதை நமக்குத் தெரிந்ததே. கடலோரத் தெருக்களில் போர் தண்ணீர் கரிக்கிறது. அந்தத் தண்ணீரில் மண் பிசைந்தால் உப்பையும் சேர்த்தே பிசைகிறீர்கள். சோதனை எளிது: கறுப்புத் தட்டில் ஒரு கரண்டி போர் தண்ணீரும், பக்கத்தில் ஒரு கரண்டி குடிநீரும் விட்டு வெயிலில் உலர்த்துங்கள். எதில் வெள்ளைத் திட்டு படிகிறதோ அது மண்ணுக்கு ஆகாது. பிசைய, குழம்பு கரைக்க, விரல் நனைக்க எல்லாவற்றுக்குமே குடிநீரைப் பயன்படுத்துங்கள். ஒரு கிலோ மண்ணுக்குப் பெரிதாகத் தண்ணீர் செலவாகாது. இப்போது கையிலிருக்கும் காய்ந்த துண்டுகளில் வெள்ளை தெரிந்தால், சுடுவதற்கு முன்னே ஈர ஸ்பாஞ்சால் லேசாகத் துடைத்து மீண்டும் உலர்த்துங்கள். சுட்ட பிறகு துடைத்தால் பெரும்பாலும் போகாது. பெயின்ட் உரிவதற்கும் இதுவே காரணம். உப்புத் தூளின் மேல் பெயின்ட் நிற்காது.

அளவைப் பற்றியும் சொல்லிவிடுகிறோம். ஒரு பட்டையான மண் துண்டில் சரியாக 10 சென்டிமீட்டர் கோடு கீறி, காயவைத்து, சுட்டு, மறுபடி அளங்கள். 9.1 வந்தால் உங்கள் மண் 9 சதவீதம் சுருங்குகிறது. முடிவில் 4 சென்டிமீட்டர் தோடு வேண்டுமானால் 4-ஐ 0.91-ஆல் வகுத்து, 4.4 சென்டிமீட்டரில் செய்ய வேண்டும். கொக்கித் துளையும் சுருங்கும் என்பதை மறந்து, சுட்ட பிறகு ஊசியால் குடைந்து உடைப்பவர்கள் நிறையப் பேர். மண்ணுக்கு நீங்கள் தூரம் போக வேண்டியதில்லை. கொசப்பேட்டை உங்களுக்குப் பக்கம், அந்தப் பெயரே குயவர்களிடமிருந்து வந்ததுதான்.

கேள்வி: வளையல் ஆர்டர் எடுக்கும்போது அளவு கேட்டால், 'சாதாரணக் கை' என்கிறார்கள். போனில் எப்படிச் சரியாக அளவு வாங்குவது?
– வாசகி, கொளத்தூர்

நூல் போதும். கட்டை விரலை உள்ளங்கைக்குள் மடக்கி, வளையல் நுழையும்போது கையைக் குவிப்பதுபோல் குவிக்கச் சொல்லுங்கள். விரல் முட்டிகளைச் சுற்றி, கை மிக அகலமாக இருக்கும் இடத்தில் நூலைச் சுற்றி, அந்த நீளத்தை ஸ்கேலில் வைத்துச் சொல்லச் சொல்லுங்கள். 17 சென்டிமீட்டர் என்றால் 2.2, 18 என்றால் 2.4, 19 என்றால் 2.6, 20 என்றால் 2.8, 21 என்றால் 2.10. ஒவ்வொரு அளவுக்கும் ஒரு சென்டிமீட்டர், ஞாபகம் வைக்க எளிது. 2.6 என்பது இரண்டு அங்குலமும் பதினாறில் ஆறு பங்கும் கொண்ட உள் விட்டம். அதைப் புள்ளி எண்ணாக நினைத்து 2.10-ஐ 2.2-க்கு முன்னால் வைத்துவிடாதீர்கள்.

பட்டு நூல் சுற்றினால் உள்பக்கம் பக்கத்துக்கு அரை மில்லிமீட்டர் அடைபடும். சுற்றளவில் அது 3 மில்லிமீட்டர். எனவே 18.8 வந்தால் 2.6-ஐ எடுக்காமல் 2.8-ஐ எடுங்கள். ஜோடியாக மாட்டும் கங்கண வகைக்கு மட்டும் ஒட்டிய அளவே அழகு.

கேள்வி: பட்டு நூல் வளையலில் பசைக்கறை தெரிகிறது. கல் இரண்டு வாரத்தில் விழுகிறது. சூப்பர் க்ளூ போட்டால் நூல் வெளுத்துப்போகிறது.
– வாசகி, தண்டையார்பேட்டை

சூப்பர் க்ளூவை நூல் வேலையிலிருந்தே எடுத்துவிடுங்கள். அது காற்றின் ஈரத்தைப் பிடித்து இறுகும் பசை. நம் ஊர் ஈரத்தில் அதன் ஆவி சுற்றியுள்ள இடத்தில் வெள்ளைப் பொடியாகப் படிகிறது, நீங்கள் பார்க்கும் வெளுப்பு அதுவே. நூலும் குச்சியாக விறைத்துவிடும். இன்னொன்று, பஞ்சு நூலிலோ பருத்தித் துணியிலோ அது நிறையப் பட்டால் விரலைச் சுடும் அளவுக்குச் சூடேறும். குழந்தைகள் பக்கத்தில் இருக்கும் வீட்டில் அது வேண்டாம்.

துணிப் பசையையே பயன்படுத்துங்கள், ஆனால் குறைவாக. ஒரு வளையலுக்கு மூன்று இடத்தில் பசை போதும்: தொடக்கத்தில், முடிவில், நடுவில் உள்பக்கம் ஒரு பொட்டு. வளையல் முழுக்கப் பசை தடவிச் சுற்றினால் இழைகளுக்கு நடுவே அது மேலேறிக் கறையாகும். 20 முதல் 25 இழைகளைச் சேர்த்து, முறுக்கு விழாமல் ரிப்பன்போல் தட்டையாகப் பிடித்துச் சுற்றுங்கள். ஒவ்வொரு பத்துச் சுற்றுக்கும் ஒருமுறை கட்டை விரல் நகத்தால் இழைகளை நீவிவிடுங்கள். முறுக்கு விழுந்த இடத்தில்தான் அடிப் பிளாஸ்டிக் எட்டிப் பார்க்கும்.

எவ்வளவு நூல் வேண்டும் என்று முன்கூட்டியே கணக்குப் போடலாம். 1 சென்டிமீட்டர் அகல வளையலைக் குறுக்கே ஒருமுறை சுற்ற ஏறத்தாழ 2.5 சென்டிமீட்டர் ஆகும். இழைக்கற்றை 4 மில்லிமீட்டர் அகலம் என்றால், 2.6 வளையலுக்கு 48 சுற்று. பெருக்கினால் 1.2 மீட்டர். ஒன்றன்மேல் ஒன்று ஏறுவதற்கும் சேர்த்து 1.5 மீட்டர் வெட்டுங்கள். 25 இழை என்றால் ஒரு வளையலுக்கு 37.5 மீட்டர் நூல். நூல்கண்டின் அட்டையில் உள்ள நீளத்தை இதால் வகுத்தால் எத்தனை வளையல் வரும் என்று தெரியும். காசி செட்டி தெருவுக்கோ மின்ட் தெருவுக்கோ கிளம்பும் முன்னே இந்தக் கணக்கு கையில் இருக்கட்டும். ஒரு செட்டின் நடுவில் நூல் தீர்ந்து, திரும்பப் போய் வாங்கினால் அடுத்த சாயத் தொகுதியில் நிறம் அரைச் சாயல் மாறியிருக்கும்.

கல் விழுவதற்குக் காரணம், பசை மேலிழைகளை மட்டுமே பிடிக்கிறது. கை அசையும்போது அந்த இழை நகர்கிறது, கல்லும் கூடவே நகர்ந்து விடுபடுகிறது. ஸ்டோன் செயின் ஒட்டினால், ஒட்டிய பிறகு அதே நிற ஒற்றை இழையை ஊசியில் கோத்து, 2 சென்டிமீட்டருக்கு ஒருமுறை கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே ஒரு சுற்றுப் போட்டு இறுக்குங்கள். தனிக்கல் வைப்பதானால், கல் உட்காரும் இடத்தில் முதலில் மெல்லிய பசைப் பூச்சு ஒன்று கொடுத்து உலரவிட்டு, அதன்மேல் பசை வைத்துக் கல்லை அழுத்துங்கள். எதுவானாலும் 24 மணி நேரம் தொடாதீர்கள். தொட்டால் காய்ந்ததுபோல் இருக்கும், அடியில் காய்ந்திருக்காது.

கேள்வி: கல்யாண மாலையை ரெசினில் பதித்துத் தரச் சொல்லிக் கேட்கிறார்கள். இரண்டு ஆர்டர் கெட்டுவிட்டது. ஒன்றில் பூவைச் சுற்றி நுரை, இன்னொன்றில் மேலே மெழுகு தடவியதுபோல் மங்கல். மாலைக்குரியவர்களுக்கு என்ன பதில் சொல்வது என்றே தெரியவில்லை.
– வாசகர், பெரம்பூர்

அந்த மாலைக்கு மாற்று கிடையாது என்பதால் இந்த வேலையில் பழகிப்பார்க்க இடமே இல்லை. கடைப்பூவில் குறைந்தது ஐந்து தட்டாவது செய்து பார்த்த பிறகே அடுத்த ஆர்டரை எடுங்கள். இதை அழுத்திச் சொல்கிறோம்.

நுரைக்குக் காரணம் பூவிலிருந்த ஈரம். தொட்டால் சருகாகத் தெரியும் பூவின் காம்படியில் ஈரம் மிச்சம் இருக்கும். ரெசின் இறுகும்போது சூடாகிறது, அந்தச் சூட்டில் ஈரமும் காற்றும் வெளியே கிளம்பிக் குமிழாக மாட்டிக்கொள்கின்றன. மாலை கைக்கு வந்தவுடன், தண்ணீர் தெளிக்காமல், காகிதப் பையில் வைத்துக் குளிர்சாதனப் பெட்டியின் காய்கறித் தட்டில் வையுங்கள். ஒன்றரை நாளுக்குள் பிரித்து உலர்த்த ஆரம்பித்துவிட வேண்டும். காற்றுப் புகாத டப்பாவில் இரண்டு விரற்கடை சிலிக்கா ஜெல் பரப்பி, பூவை மல்லாக்க வைத்து, இதழ்களுக்கு நடுவிலும் மேலும் கரண்டியால் மெல்லத் தூவி மூடுங்கள். தனி இதழுக்கு 2–3 நாள், முழு ரோஜாவுக்கு ஒரு வாரம் ஆகும். பூவை எடுத்துக் கிராம் தராசில் நிறுத்து, மறுபடி வைத்து, அடுத்த நாளும் நிறுங்கள். இரண்டு நாளும் ஒரே எடை வந்தால்தான் உலர்ந்தது. நிறம் மாறும் சிலிக்கா ஜெல்லில் நீல வகையில் கோபால்ட் உப்பு இருப்பதால், ஆரஞ்சிலிருந்து பச்சைக்கு மாறும் வகையை வாங்குங்கள். உலர்ந்த பூவை வெளியில் வைத்தால் நம் காற்றில் மறுபடி ஈரம் குடிக்கும். ஊற்றும் நிமிடம் வரை டப்பாவிலேயே இருக்கட்டும்.

மேலே படியும் மெழுகு மங்கல், ரெசினை இறுகவைக்கக் கலக்கும் ஹார்டனர் காற்றிலுள்ள ஈரத்தோடும் கரியமில வாயுவோடும் சேர்வதால் வருவது. மாலை ஆறு மணிக்கு மேல் மொட்டைமாடி அறையில் ஊற்றினால் இது எளிதில் வரும். காய்ந்த நேரத்தில் ஊற்றி, உடனே பிளாஸ்டிக் டப்பாவால் கவிழ்த்து மூடுங்கள், தூசும் விழாது. ஏற்கெனவே மங்கியதைக் காப்பாற்ற முடியும்: முழுதாக இறுகிய பிறகு வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் கழுவித் துடைத்து, 400 நம்பர் உப்புத்தாளை நனைத்துத் தேய்த்து, நன்கு உலர்த்தி, மேலே 2 மில்லிமீட்டர் புதிய பூச்சு ஊற்றுங்கள்.

கலவை விகிதம் எடையிலா அளவிலா என்று டப்பாவில் எழுதியிருப்பதை இரண்டு முறை படியுங்கள். 2-க்கு 1 எடை என்றால் 60 கிராம் ரெசினுக்கு 30 கிராம் ஹார்டனர். கண்ணளவு இங்கே உதவாது. ஹார்டனர் கூடினாலும் குறைந்தாலும் பிசுபிசுப்பு போகவே போகாது. மூன்று நான்கு நிமிடம் மெதுவாக, கப்பின் அடியையும் ஓரத்தையும் வழித்துக் கலக்கி, பிறகு வேறு கப்பில் ஊற்றி இன்னொரு நிமிடம் கலக்குங்கள். முதல் கப்பின் ஓரத்தில் ஒட்டிய கலங்காத ரெசின் தட்டின்மேல் விழாமல் இருக்கவே இந்த இரண்டாவது கப்.

15 சென்டிமீட்டர் வட்டத் தட்டு, 1 சென்டிமீட்டர் உயரம் என்றால் கொள்ளளவு 177 மில்லி, எடையில் ஏறத்தாழ 195 கிராம். அதை ஒரே தடவையில் ஊற்ற வேண்டாம். முதலில் 3 மில்லிமீட்டர் அடித்தளம், அது கெட்டியான ஜெல்லாகும்போது பூவை வைத்துப் பாதி மூழ்கும்வரை, மறுநாள் மீதி. தடிமனாக ஊற்றினால் உள்ளே சூடு தேங்கி மஞ்சளாகும், பூ வெந்து கறுக்கும். டப்பாவில் 'வேலை நேரம் 30 நிமிடம்' என்று போட்டிருப்பது பெரும்பாலும் 25 டிகிரிக்கு. 35 டிகிரியில் அது ஏறக்குறைய பாதியாகிவிடும். கையுறை, திறந்த ஜன்னல் இரண்டும் இல்லாமல் இந்த வேலையில் இறங்க வேண்டாம்.

மல்லி எப்படி உலர்த்தினாலும் பழுப்பாகும், சிவப்பு ரோஜா கறுஞ்சிவப்பாகும். சாமந்தியும் இளஞ்சிவப்பு ரோஜாவும் ஓரளவு நிறம் காக்கும். ஆர்டர் எடுக்கும்போதே உலர்ந்த மல்லி ஒன்றைக் கையில் கொடுத்துக் காட்டிவிட்டால், பின்னால் மனவருத்தம் வராது. கெட்டுப்போன இரண்டு மாலைக்காரர்களிடமும் நடந்ததை மறைக்காமல் சொல்லி, பணத்தைத் திருப்பிக் கொடுங்கள். மிச்ச இதழ் ஏதாவது வைத்திருந்தால் அதில் ஒரு சிறு தொங்கட்டான் செய்து தரலாம்.

கேள்வி: உருக்கி ஊற்றும் சோப் பேஸில் வேப்பிலை சோப் செய்தேன். மறுநாளே மேலே முத்து முத்தாக வேர்க்கிறது. கெட்டுவிட்டதா?
– வாசகி, மாதவரம்

கெடவில்லை. அதிலுள்ள கிளிசரின் காற்றின் ஈரத்தை இழுக்கிறது. அச்சிலிருந்து எடுத்தவுடன், தொட்டுப் பார்த்து நேரம் கடத்தாமல், கிளிங் ஃபிலிமில் இறுக்கிச் சுற்றுங்கள். குளிர்சாதனப் பெட்டியில் வைத்து இறுக்குவது வேர்வையை இன்னும் கூட்டும். அரைத்த பச்சை வேப்பிலை போடாதீர்கள், ஈரத்தால் பூஞ்சை வரும். காய்ந்த பொடி 100 கிராம் பேஸுக்கு அரை டீஸ்பூன் போதும். வீட்டுக்குச் செய்வது உங்கள் விருப்பம். விற்பதற்கு அழகுசாதனப் பொருள் தயாரிப்பு உரிமம் வேண்டும், கையால் செய்தது என்பதற்காக விலக்கு இல்லை.

கேள்வி: இயற்கைச் சாயத்தில் பருத்தித் துப்பட்டா செய்ய ஆசை. மஞ்சள் போட்டால் ஒரு வெயிலில் போய்விடுகிறது. மஞ்சிட்டி போட்டால் சிவப்புக்குப் பதில் சாம்பல் கலந்த பழுப்பு வருகிறது.
– வாசகி, காலடிப்பேட்டை

உங்கள் ஊரிலிருந்து இந்தக் கேள்வி வந்ததில் எங்களுக்குத் தனி மகிழ்ச்சி. 1717 முதல் 1720 வரை சென்னையில் கவர்னராக இருந்த ஜோசப் காலட் காலத்தில் நெசவாளர்களுக்காக உண்டான பேட்டை அது. 'காலட் பேட்டை' மக்கள் வாயில் காலடிப்பேட்டையானது. தெற்கே வண்ணாரப்பேட்டையில் துணி வெளுத்தார்கள். இந்தக் கடற்கரைத் துணியின் சிவப்புக்குச் சாயவேர் பேர்போனது. நீங்கள் கையில் எடுத்திருக்கும் மஞ்சிட்டியும் அதே வகைச் சிவப்பைத் தரும் வேர்தான்.

மஞ்சள் வெயிலில் நிற்காது, எத்தனை படிகாரம் போட்டாலும் அதன் குணம் அப்படி. மஞ்சள் நிறத்துக்கு மாதுளை ஓட்டைப் பயன்படுத்துங்கள். உலர்ந்த ஓடு, துணியின் எடையில் பாதி. கடுகு மஞ்சள் வரும், நிற்கவும் நிற்கும்.

மஞ்சிட்டி சாம்பலாவது பெரும்பாலும் தண்ணீரிலுள்ள இரும்பால். ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் ஒரு சிட்டிகை கடுக்காய்ப் பொடி போட்டுக் கலக்கிப் பாருங்கள். பத்து நிமிடத்தில் கருநீலச் சாம்பலாக மாறினால் இரும்பு இருக்கிறது. துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் மை. துருப்பிடித்த வாளி, இரும்பு அண்டா, கிளற எடுத்த இரும்புக் கரண்டி எல்லாமே இதைச் செய்யும். எவர்சில்வர் பாத்திரமும் மரக்கரண்டியும் மட்டும்.

200 கிராம் துப்பட்டாவுக்கு அளவு இது. வேண்டிய சரக்கெல்லாம் ராசப்ப செட்டி தெரு நாட்டு மருந்துக் கடைகளில் கிடைக்கும்.

முதலில் கஞ்சி போக வேண்டும். லிட்டருக்கு 2 கிராம் சலவை சோடாவும் கொஞ்சம் சோப்பும் போட்டு ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டு அலசுங்கள். துணிமேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் உடனே உறிஞ்ச வேண்டும், முத்தாக நின்றால் இன்னொரு முறை. இந்தப் படியைத் தாண்டி ஓடுபவர்களுக்குத்தான் திட்டுத் திட்டாகச் சாயம் ஏறும். பிறகு 40 கிராம் கடுக்காய்ப் பொடியை வெந்நீரில் கரைத்து, துணி தாராளமாக மூழ்கும் தண்ணீரில் இரவு முழுக்க ஊறவையுங்கள். காலையில் பிழிந்து, அலசாமல் நிழலில் உலர்த்துங்கள். அடுத்து 30 கிராம் படிகாரத்தை வெந்நீரில் கரைத்து அதில் இரண்டு மணி நேரம். பிழிந்து ஒரு நாள் அப்படியே விட்டால் படிகாரம் நூலில் நன்றாகப் பிடிக்கும்.

100 கிராம் மஞ்சிட்டிப் பொடியை மெல்லிய துணியில் தளர்வாக முடிந்து முந்தைய இரவே ஊறப்போட்டுவிடுங்கள். லேசாக அலசிய துப்பட்டாவை அதில் இறக்கி, அரை மணி நேரத்தில் மெல்ல 60–65 டிகிரிக்குக் கொண்டுவந்து, ஒரு மணி நேரம் அதே சூட்டில் வைத்துப் புரட்டிக்கொண்டே இருங்கள். 70-ஐத் தாண்டினால் வேரிலுள்ள பழுப்பும் இறங்கிவிடும். உங்கள் பழுப்புக்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். சமையல் வெப்பமானி வாங்கிக்கொள்ளுங்கள், கொதியைக் கண்ணால் பார்த்து இதைச் செய்ய முடியாது. அடுப்பை அணைத்து, சாயத்திலேயே ஆறவிட்டு, மறுநாள் அலசுங்கள். பங்குனி வெயில் கண்ணைக் கவர்ந்தாலும் நிழலிலேயே உலர்த்துங்கள். கொடியில் மடிப்பு விழுந்த இடம் ஒரு நிறமும் வெயில் பட்ட இடம் ஒரு நிறமுமாகப் போனால் நான்கு நாள் உழைப்பு வீண்.

கேள்வி: தினமும் உட்காருகிறேன். கை வேலை செய்கிறது, புதிய டிசைன் மட்டும் வரவில்லை. பார்த்ததையே திரும்பச் செய்கிறேன்.
– வாசகி, திருவொற்றியூர்

டிசைனை விட்டுவிட்டு நிறத்திலிருந்து தொடங்குங்கள். இந்த இரண்டு மாதம் தெருவே நிற அட்டை. காலையில் பூவரசம்பூ மஞ்சளாக, நடுவில் கருஞ்சிவப்புக் கண்ணோடு இருக்கும். அதே பூ மாலைக்குள் இளஞ்சிவப்பு ஏறி வாடும். புங்கமரத்தடியில் வெள்ளையும் வெளிர் ஊதாவுமாகப் பொரி கொட்டியதுபோல் கிடக்கும், மேலே தளிரில் பளபளக்கும் பச்சை. வேப்பம்பூவின் வெள்ளையில் பச்சைச் சாயல் உண்டு, மல்லியின் வெள்ளையில் அது கிடையாது. காசிமேட்டில் கரையில் கிடக்கும் வலைகளின் நீலமும் பச்சையும் ஆரஞ்சும் அடுத்தடுத்து எப்படி உட்கார்ந்திருக்கின்றன என்று பாருங்கள்.

பார்த்ததோடு நில்லாமல், 10-க்கு 3 சென்டிமீட்டர் அட்டை வெட்டி, அந்தப் பொருளில் எந்த நிறம் எவ்வளவு இடம் பிடிக்கிறதோ அதே பங்கில் நூல் சுற்றுங்கள். பூவரசுக்கு மஞ்சள் 6 சென்டிமீட்டர், இலைப்பச்சை 3, கருஞ்சிவப்பு 1. பின்னால் நூல் எண்ணையும் தேதியையும் எழுதிவிடுங்கள். தினம் ஒன்று, பத்து நிமிடம். அந்தப் பங்கை அப்படியே 10 வளையல் செட்டாக்கினால் ஆறு மஞ்சள், மூன்று பச்சை, ஒரு கருஞ்சிவப்பு. எல்லா நிறத்தையும் சம அளவில் போடுவதே நம்மில் பலர் செய்யும் பிழை. எது பெரியது, எது சிறியது என்ற வித்தியாசத்தில்தான் கண் நிற்கிறது. புங்கம்பூ அட்டையை முதலில் செய்து பாருங்கள், அந்த வெளிர் ஊதாவுக்குப் பக்கத்தில் காம்பின் பழுப்பைக் கொஞ்சமே கொஞ்சம் வைத்தால் உங்களுக்கே புரியும்.

கேள்வி: சித்திரை ஒன்றுக்குக் கடை போடுகிறேன். விலை வைக்கத் தெரியவில்லை. பக்கத்துக் கடைக்காரர் விலையைப் பார்த்து வைக்கலாமா?
– வாசகி, வியாசர்பாடி

வேண்டாம். அவருடைய கணக்கு உங்களுக்குத் தெரியாது. உங்கள் கணக்கை நீங்கள் போடுங்கள். ஆறு பட்டு நூல் வளையல் செட்டுக்கு ஓர் உதாரணம்: அடி வளையல் 36 ரூபாய், நூல் 30, பசை 8, கல் 40, பெட்டி 15, ஆக 129. வீணாவதற்கு பத்து சதவீதம் 13 சேர்த்தால் 142. இரண்டரை மணி நேர உழைப்பு, மணிக்கு 80 வீதம் 200. இதுவரை 342. கடை வாடகை 1,500, நாற்பது செட் விற்கலாம் என்றால் செட்டுக்கு 38. மொத்தம் 380. பதினைந்து சதவீதம் லாபம் 57. விலை 440 என்று வைக்கலாம். யாராவது 300-க்குக் கேட்டால், உங்கள் உழைப்பில் எவ்வளவு போகிறது என்பது இப்போது உங்களுக்குத் தெரியும். உழைப்பு நேரத்தை மனக்கணக்காக எழுதாதீர்கள், கடிகாரம் பார்த்து மூன்று செட்டுக்கு எழுதிச் சராசரி எடுங்கள். குறைவாக எழுதுவதே எல்லோர் வழக்கமும். ஏப்ரல் 14-க்கு நான்கு நாள் முன்பே பசை வேலையை நிறுத்திவிடுங்கள். அவசரத்தில் ஒட்டிய கல் கடையிலேயே உதிரும்.

சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவு அரசு இணையதளத்தில் இலவசம். அதற்குப் பணம் கேட்பவர்களிடம் கொடுக்க வேண்டாம்.

கேள்வி: ஒயர் கூடைக்கு எத்தனை கட்டு வாங்குவது என்று ஒவ்வொருவர் ஒவ்வொன்று சொல்கிறார்கள்.
– வாசகி, ஓட்டேரி

முடிச்சும் இறுக்கமும் கைக்குக் கை மாறும், அதனால் அடுத்தவர் கணக்கு உங்களுக்குப் பொருந்தாது. பத்து முடிச்சுப் போட்டு, அவிழ்த்து, செலவான ஒயரை அளந்து பத்தால் வகுங்கள். மொத்த முடிச்சுகளின் எண்ணிக்கையால் பெருக்கி, கைப்பிடிக்குத் தனியாக அளந்து கூட்டி, மேலே பத்து சதவீதம் சேர்த்து வாங்குங்கள். சிவன் கண், நெல்லிக்காய் என்று ஒவ்வொரு பின்னல் வகைக்கும் இந்தச் சோதனையைத் தனித்தனியாகச் செய்ய வேண்டும். ஒயரை மாடி வெயிலில் வைத்துப் பின்னாதீர்கள், இளகிய ஒயரை இழுத்துப் போட்ட முடிச்சும் நிழலில் போட்ட முடிச்சும் ஒரே அளவில் வராது.

கேள்வி: கடற்கரைப் பக்கம் வீடு. வாங்கிவைத்த காதணிக் கொக்கிகள் பெட்டியிலேயே துருப்பிடிக்கின்றன.
– வாசகி, ராயபுரம்

கடைக்குப் போகும்போது சின்னக் காந்தம் ஒன்றை எடுத்துச் செல்லுங்கள். கொக்கி இழுபட்டால் உள்ளே இரும்பு, மேலே வெறும் முலாம். உப்புக்காற்று முலாமின் ஊசித்துளை வழியே போய் அதைத் தின்றுவிடும். பித்தளையும் செம்பும் காந்தத்தில் ஒட்டாது, நகைக்கு வரும் நல்ல எவர்சில்வர் கொக்கியும் பெரும்பாலும் ஒட்டாது. வாங்கியதை ஜிப் கவரில், சிறு சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு, காய்ந்த நேரத்தில் காற்றைப் பிதுக்கி எடுத்து மூடுங்கள். கவரைத் திறக்கும்போது வேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்டு உடனே மூடிவிடுங்கள். வியர்த்த விரலால் துழாவிய கொக்கிதான் முதலில் கறுக்கும்.